ஹாலியில் பழம் வரவில்லையா? முதலில் பூவைப் பாருங்கள்

ஹாலிக்கு (holly, கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் வைக்கும் சிவப்புப் பழச் செடி) ஜோடி சேர்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

என் ஹாலி வருஷா வருஷம் கொட்டிப் பூக்கிறது. ஆனால் ஒரு பழம்கூட இல்லை. அது ஆணா, பெண்ணா?

ஹாலியும் பனையைப் போலத்தான். ஆண் தனி, பெண் தனி. பழம் பெண்ணில் மட்டும். இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, பூவைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும், சாதாரண (ஐரோப்பிய) ஹாலியில் நான்கு வெள்ளை இதழ்கள். நடுவில் பச்சையாக, உருண்டையாக ஒரு சூற்பை (பின்னால் பழமாகும் பகுதி) துருத்திக்கொண்டிருந்தால் அது பெண். நடுப்பகுதி வெறுமையாக இருந்து, சுற்றி நிற்கும் நான்கு மகரந்தத் தாள்களிலிருந்தும் மஞ்சள் நிறத் தூள் (மகரந்தம்) விரலில் ஒட்டினால் ஆண்.

பலர் ஏமாறுவது எங்கே என்றால், பெண் பூவிலும் தாள்கள் இருக்கும். ஆனால் அவற்றில் மகரந்தம் இருக்காது. தாளைப் பார்த்ததும் ஆண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சூற்பையைத் தேடுங்கள். பொதுவாக ஆண் செடியில்தான் பூக்கள் கொத்துக் கொத்தாக அதிகம் வரும். அதனால் உங்களுடையது ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயரை வைத்தே கண்டுபிடிக்கலாமா?

ப்ளூ ஹாலியில் பெரும்பாலும் முடியும். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1950களில் கேத்லீன் மெசர்வ் என்பவர் இனக்கலப்பு செய்து உருவாக்கிய வகை இது. ப்ளூ பாய், ப்ளூ பிரின்ஸ் ஆண். ப்ளூ கேர்ள், ப்ளூ பிரின்சஸ் பெண். மற்றபடி பெயரை நம்பாதீர்கள். 'கோல்டன் கிங்' பெண் செடி. 'கோல்டன் குயின்', 'சில்வர் குயின்' இரண்டும் ஆண்! வாங்கும்போது நர்சரியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் விண்டர்பெரி (குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் ஹாலி வகை) பெண் செடிக்குப் பக்கத்திலேயே ப்ளூ பிரின்ஸ் நட்டேன். இரண்டும் பூக்கின்றன. ஏன் காய்க்கவில்லை?

இரண்டும் ஹாலி, ஒன்று ஆண், ஒன்று பெண், அது போதும் என்று நினைத்துவிட்டீர்கள். போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும், நெருங்கிய உறவாகவும் இருக்க வேண்டும். ப்ளூ ஹாலி வசந்தத்தில் பூக்கும். விண்டர்பெரி கோடை தொடங்கும்போதுதான் பூ விடும். ஒன்றின் மகரந்தம் கொட்டி முடிந்த பிறகுதான் இன்னொன்று மலர்கிறது; நடுவில் தேனீ என்ன செய்யும்?

விண்டர்பெரிக்கு விண்டர்பெரி ஆண்தான் வேண்டும். அதிலும் முன்னால் பூப்பவை, பின்னால் பூப்பவை என்று உண்டு. 'ரெட் ஸ்ப்ரைட்' பெண்ணுக்கு 'ஜிம் டேண்டி' ஆண், இரண்டும் முன்னதாகப் பூப்பவை. 'விண்டர் ரெட்' தாமதமாகப் பூக்கும், அதற்கு 'சதர்ன் ஜென்டில்மேன்'. இந்த ஜோடிகளை மாற்றி நட்டு ஏமாந்தவர்கள் நிறைய. உங்களிடம் இருக்கும் பெண்ணின் ரகப் பெயர் தெரியாவிட்டால், அது பூக்கும் வாரத்தைக் குறித்து வையுங்கள். அதே வாரத்தில் பூக்கும் ஆணைத் தேடி வாங்குங்கள்.

ஒரு ஆண் எத்தனை பெண்ணுக்குப் போதும்? எவ்வளவு தூரத்தில் நடலாம்?

நான்கைந்து பெண்ணுக்கு ஒன்று தாராளம். 15 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. தேனீ பறந்து போகும் வழிதான் கணக்கு, ஒட்டி நட வேண்டியதில்லை. பூத்திருக்கும் நாட்களில் மட்டும் பூச்சிமருந்து பக்கமே போகாதீர்கள்.

ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது.

'ஜே. சி. வான் டோல்' என்ற ஹாலி ரகம் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். 'பர்ஃபோர்டு' மகரந்தமே இல்லாமலும் காய்க்கும். 'நெல்லி ஸ்டீவன்ஸ்' தனியாகவே காய்க்கும், பக்கத்தில் ஆண் இருந்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும். ஏற்கெனவே ஒரு பெண் செடி இருந்தால் வேறு வழி: தெரிந்தவர் வீட்டு ஆண் செடியில், பூ மலர்ந்த கிளைகள் சிலவற்றை வெட்டி வாங்கி வாருங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி, உங்கள் செடிக்கு அடியில் வைத்துவிடுங்கள். மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆண் கிளை ஒன்றை அதே செடியில் ஒட்டுக் கட்டலாம்.

விதை போட்டு வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஆனால் ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது, அதற்குப் பல வருஷம் ஆகும். கட்டிங் வைத்தால் தாய்ச்செடி எதுவோ அதுதான் வரும்.

ஜோடி சரிதான், போன வருஷம் நிறையக் காய்த்தது. இந்த வருஷம் ஒன்றுமில்லை.

கவாத்து எப்போது செய்தீர்கள்? சாதாரண ஹாலியும் ப்ளூ ஹாலியும் போன வருஷக் கிளையில்தான் பூக்கும். பூக்கும் முன்னால் ஒட்ட வெட்டினால் பழத்தையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். விண்டர்பெரி அந்த வருஷத் தளிரில் பூக்கும், அதைக் குளிர்கால முடிவில் வெட்டலாம். கவாத்து செய்யவில்லை என்றால், பூத்த நேரத்தில் உறைபனி விழுந்ததா, அல்லது தேனீ வெளியே வர முடியாதபடி குளிரும் மழையுமாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பிஞ்சு பிடித்த பிறகு மண் காய்ந்தாலும் உதிர்ந்துவிடும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பழத்தைத் தின்றால்?

தின்னக் கூடாது. அதில் சபோனின் இருக்கிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நாய், பூனைக்கும் அப்படித்தான். பறவைகள் தின்னும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. குழந்தை விளையாடும் பக்கம் ஆணை நட்டு, பெண்ணைக் கை எட்டாத வேலிப்புறம் நடுங்கள். உதிர்ந்த பழங்களை அவ்வப்போது கூட்டி அள்ளிவிடுங்கள்.