வாசகர் கேள்வி – பதில்: இளைஞர் சலுகை அட்டை

கேள்வி: என் மகள் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி செல்கிறாள். இளைஞர் சலுகை அட்டை இருந்தால் அங்கே செலவு குறையும் என்கிறார் ஈரோட்டில் உள்ள முகவர் ஒருவர். இங்கேயே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசரப்பட வேண்டாம். ‘ஐசிக்’ எனப்படும் பன்னாட்டு மாணவர் அடையாள அட்டை முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே உரியது. படிக்கும் நிறுவனத்தின் சான்றைக் காட்டியே அதைப் பெற முடியும். ஐரோப்பிய இளைஞர் அட்டையை, மாணவராக இல்லாதவரும், பெரும்பாலான நாடுகளில் 30 வயதுக்குள் இருந்தால் வாங்கலாம். தங்கும் விடுதி, அருங்காட்சியகம், பயணம் ஆகியவற்றில் தள்ளுபடி உண்டு என்றாலும், அது நாட்டுக்கு நாடு, கடைக்குக் கடை மாறும்.

தங்கள் மகளுக்கு முதலில் கைகொடுப்பது பல்கலைக்கழகம் வழங்கும் மாணவர் அட்டைதான். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பருவத்திலும் பெறும் கட்டணத்திலேயே பேருந்து, ரயில் பயணச்சீட்டும் அடங்கிவிடுகிறது. அருங்காட்சியகங்கள் பலவற்றிலும் அந்த அட்டையைக் காட்டினாலே நுழைவுக் கட்டணம் குறையும். அங்கே சேர்ந்த பிறகு, அவள் உண்மையிலேயே அடிக்கடி போகும் இடங்களில் எந்த அட்டை செல்லும் என்று பார்த்து வாங்குவதே சரி.

மஞ்சள் விற்ற பணத்தோடு நகைக்கடனும் சேர்த்துப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்களிடம் வெறும் தகவலுக்குக் கட்டணம் கேட்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. 1990இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய யூரோடெஸ்க், ஐரோப்பாவில் படிப்பு, பயிற்சி, தன்னார்வப் பணி பற்றி இளைஞர்களுக்கு இலவசமாகவே வழிகாட்டுகிறது. ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பான ‘டாட்’ இணையதளத்திலும் உதவித்தொகை விவரங்களைக் காசில்லாமல் படிக்கலாம்.