காலப்பயணத் தொடர்களில் எது ஓட்டை, எது ஓட்டை இல்லை: கேள்வி பதில்

கேள்வி: கதை ஓட்டை, தொடர்ச்சிப் பிழை இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஒரு காட்சியில் பாதி குடித்த கோப்பை அடுத்த நொடியில் நிறைந்திருந்தால் அது தொடர்ச்சிப் பிழை. படப்பிடிப்பிலோ படத்தொகுப்பிலோ கை நழுவியது. கதைக்கு ஒன்றும் ஆகிவிடாது. கதை தானே வகுத்த விதியைத் தானே மீறினால் அது ஓட்டை. ஆகவே ஒரு தொடரைக் குறை சொல்லும் முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தக் கதை எந்த விதியை ஒப்புக்கொண்டிருக்கிறது? நமக்குப் பிடித்த வேறொரு கதையின் விதியை வைத்து இதை அளப்பது நியாயமில்லை.

கேள்வி: கடந்த காலத்துக்குப் போய்த் தாத்தாவைக் கொன்றால், கொன்றவன் பிறக்கவே மாட்டானே. அப்படியானால் காலப்பயணக் கதை எல்லாமே ஓட்டைதானே?

கடந்த காலத்தை மாற்ற முடியும் என்று கதை சொன்னால்தான் இந்தச் சிக்கல் எழும். மாற்றவே முடியாது, என்ன நடந்ததோ அதுதான் நடக்கும் என்பது இன்னொரு விதி. 1976இல் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக்கினார். பேரனிடம் துப்பாக்கி இருக்கலாம், குறியும் தவறாதவனாக இருக்கலாம். ஆனாலும் தாத்தா பிழைத்தார் என்பது ஏற்கெனவே நடந்துவிட்டது. எனவே அவன் ஏதோ ஒரு சாதாரணக் காரணத்தால் தோற்பான்: கால் வழுக்கும், மனம் மாறும். இந்த விதியைக் கடைசிவரை காப்பாற்றும் தொடரில் தாத்தா முரணுக்கு இடமே இல்லை. ஒரு வாரம் மாற்ற முடியாது என்றும் மறுவாரம் காரணம் சொல்லாமல் மாற்றலாம் என்றும் சொல்லும் தொடரிடம்தான் சண்டை போட வேண்டும்.

கேள்வி: 'லாஸ்ட்' தொடரில் வரும் திசைகாட்டியை யார் செய்தது?

யாரும் செய்யவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது. 2007இல், மர்மத் தீவில் வாழும் ரிச்சர்ட் அதை, விமான விபத்தில் அங்கே வந்து சேர்ந்த லாக்கிடம் கொடுக்கிறார். காலத்தில் பின்னோக்கித் தூக்கி வீசப்படும் லாக், 1954இல் அதே திசைகாட்டியை இளமை மாறாத அதே ரிச்சர்டிடம் கொடுக்கிறார். ரிச்சர்ட் 53 ஆண்டுகள் வைத்திருந்து மீண்டும் லாக்கிடம் கொடுக்கிறார். தொடக்கமே இல்லாத வட்டம்.

தொடக்கம் இல்லாததை நான் ஓட்டை என்று சொல்லமாட்டேன். இடிப்பது வேறு இடத்தில். திசைகாட்டி ஒரு பொருள். 53 ஆண்டுகளில் அதில் ஒரு கீறலாவது விழும். கீறல் விழுந்த அதே திசைகாட்டிதான் மறுபடி 1954க்குப் போகிறது. அப்படியானால் 1954இலேயே அந்தக் கீறல் இருந்திருக்க வேண்டும்; அதன்மேல் இன்னொன்றும் விழும். கணக்கு ஒருபோதும் தீராது.

'டாக்டர் ஹூ' தொடரின் 2007ஆம் ஆண்டு அத்தியாயமான 'பிளிங்க்' இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடுகிறது. 1969இல் மாட்டிக்கொண்ட நாயகன், டாக்டர் என்ற காலப்பயணி, பிற்காலத்தில் ஒரு பெண் பார்க்கப்போகும் காணொளியில் அவளோடு உரையாடுவதுபோல் பேசுகிறார். அந்தப் பேச்சை அவள் நண்பன் எழுதிக்கொள்கிறான். அந்தத் தாளை அவள் பின்னர், இன்னும் 1969க்குப் போகாத டாக்டரிடம் தருகிறாள். அதைப் பார்த்துத்தான் அவர் பேசுகிறார். அந்தச் சொற்களை யாரும் யோசித்து எழுதவில்லை. ஆனால் தாள் ஒவ்வொரு முறையும் புதிது. வட்டமடிப்பது சொற்கள் மட்டுமே, சொற்களுக்குத் தேய்மானம் கிடையாது. எவ்வளவு நுட்பமான வேலை!

கேள்வி: பூமி நகர்ந்துகொண்டே இருக்கிறதே. நேற்றுக்குப் போனவர் விண்வெளியில் அல்லவா விழ வேண்டும்?

பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நாளில் அது சுமார் 26 லட்சம் கிலோமீட்டர். கேள்வி நியாயமானது. ஆனால் 'அதே இடம்' என்று அண்டத்தில் எதை வைத்துச் சொல்வது? ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின்படி அசையாத பொது அடையாளம் எதுவும் இல்லை. எந்திரம் பூமியை ஒட்டியே இடத்தைக் கணக்கிடுகிறது என்று கதை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கேள்வி: கையில் கால எந்திரம் இருக்கும்போது 'நேரமில்லை' என்று ஏன் ஓடுகிறார்கள்?

பெரும்பாலான தொடர்களுக்கு இதற்குப் பதில் இல்லை. இது உண்மையான ஓட்டை. 'டாக்டர் ஹூ' 2005இல் 'ஃபாதர்ஸ் டே' அத்தியாயத்தில் பதில் சொல்ல முயன்றது. டாக்டரோடு பயணிக்கும் ரோஸ், தன் தந்தை இறக்கும் நொடிக்கு இரண்டாம் முறை வருகிறாள். முதல் முறை வந்த தன்னையே தாண்டி ஓடி அவரைக் காப்பாற்றுகிறாள். அதனால் காலமே காயப்படுகிறது. திரும்பத் திரும்ப முயலக்கூடாது என்பதற்கு ஒரு விலையைக் காட்டிவிட்டார்கள். பிற்கால அத்தியாயங்கள் அந்த விலையை எப்போதும் நினைவில் வைத்ததில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் வேற்றுக்கிரக இனமான கிளிங்கான்களுக்கு நெற்றி மேடு திடீரென எப்படி வந்தது?

ஒப்பனை வசதி வளர்ந்ததால் வந்தது. 1960களில் சமமான நெற்றி, 1979க்குப் பிறகு மேடு. 1996இல் 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் பிற்காலத் தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' குழு, முதல் தொடரின் 1967ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றுக்குள் காலப்பயணம் செய்தது. பழைய படச்சுருளில் புதிய நடிகர்களைக் கணினியால் சேர்த்தார்கள். அப்போது இரண்டு நெற்றிகளும் நேருக்கு நேர் வந்துவிட்டன. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, வெளியாட்களிடம் அதைப் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார் குழுவில் இருக்கும் கிளிங்கானான வோர்ஃப். எனக்கு அதுவே போதும். 2005இல் அதே வரிசையின் 'என்டர்பிரைஸ்' தொடர் ஒரு வைரஸைக் காரணமாக்கி விளக்கியது, தேவையற்ற பூச்சு.

கேள்வி: உங்களால் மன்னிக்கவே முடியாத ஓட்டை எது?

'ஹீரோஸ்' இரண்டாம் சீசன். காலத்தில் தாவக்கூடிய பீட்டர் தன் காதலி கெய்ட்லினை நோய் சூழ்ந்த எதிர்காலத்தில் தவறவிட்டுத் தனியே திரும்புகிறான். பின்னர் அந்த எதிர்காலம் நடக்காமல் தடுக்கப்படுகிறது. அவள் என்ன ஆனாள்? தொடர் சொல்லவே இல்லை. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 11 அத்தியாயங்களோடு நின்றது உண்மைதான். ஆனால் அடுத்த சீசனில் பீட்டர் ஒரு முறையாவது அவள் பெயரைச் சொல்லி அழுதிருக்கலாம். தர்க்கம் தவறினால் பொறுத்துக்கொள்வேன். ஒரு மனுஷியை அந்தரத்தில் விட்டதைப் பொறுக்க முடியவில்லை.

கேள்வி: நான் ஒரு காலப்பயணத் தொடர் எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஆண்டு வரிசையில் அட்டவணை போடாதீர்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவர் வாழ்ந்த வரிசையில் தனித்தாள் போடுங்கள்: எந்த வயதில் என்ன தெரியும், உடம்பில் என்ன மாறியது, கையில் என்ன இருக்கிறது. 'டார்க்' தொடரின் முதல் சீசனில் வரும் அந்நியனின் கழுத்தைப் பாருங்கள். அங்கே ஒரு தழும்பு. அந்தக் கழுத்தில் கயிறு இறுகுவதை நாம் பார்ப்பது இரண்டாம் சீசனில்தான், இளைஞன் யோனாஸின் கழுத்தில்; அந்த அந்நியன் வயது கூடிய யோனாஸ்தான்.