தம்பிக்கு எதை எழுதுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த என் அப்பாவுக்கு வேலை பெர்மிட் கிடைக்காததால், 1970-இல் அவர் அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு பினாங்கில் ரஜுலா கப்பலேறி நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். திருமணமாகியிருந்த நான் சுங்கை சிப்புட்டிலேயே தங்கிவிட்டேன். அம்மா இருந்தவரை கடிதம் வந்துகொண்டிருந்தது. இப்போது தம்பிக்குக் காது மந்தம். தொலைபேசியில் நலம் விசாரிப்பதற்கு மேல் பேச்சு வளர்வதில்லை. மீண்டும் கடிதம் எழுத ஆசைப்படுகிறேன். இத்தனை காலம் கழித்து எதை எழுதுவது?

– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் குடும்பத்தின் கதை இரண்டு பாதியாகக் கிடக்கிறது, ரப்பர் தோட்டத்துப் பாதி உங்களிடமும், ஊர்ப் பாதி தம்பியிடமும் இருக்கின்றன. பிறப்பு, இறப்பு, கல்யாணச் செய்திகளைத் தொலைபேசியில் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நீங்கள் எழுத வேண்டியது, அவர் சிறுவனாக விட்டுவிட்டுப் போன இடத்தைப் பற்றி. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தின் பக்கம் நின்ற மரம் இன்னும் நிற்கிறதா, அப்பா பால் வெட்டிய ரப்பர் காடு செம்பனையாக மாறிவிட்டதா, கோயில் திருவிழாவை இப்போது யார் எடுத்து நடத்துகிறார்கள் என்பனவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த ஊரில் அவருக்கு ஒருவரும் இல்லை. ஒரு கடிதத்துக்கு ஒரு செய்தி போதும். அதை ஆற அமர எழுதுங்கள்.

பிறகு நீங்கள் கேளுங்கள். மலாயாவிலேயே உழைத்துப் பழகிய அப்பா ஊருக்குப் போய் என்ன வேலை செய்தார், அம்மா கடைசிக் காலத்தில் யாரைப் பற்றி அதிகம் பேசினார் என்பவை நீங்கள் கேட்காமல் அவராகச் சொல்லிவிடக்கூடியவை அல்ல.

வயதானவருக்கு வரும் கடிதத்தைப் பெரும்பாலும் மருமகளோ பேரப்பிள்ளையோதான் உரக்கப் படித்துக் காட்டுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே பழைய மனத்தாங்கலையும் சொத்துப் பேச்சையும் அதில் எழுத வேண்டாம். பணம் கொடுக்க நினைத்தால் வங்கி வழியாக அனுப்புங்கள். உறைக்குள் நோட்டு வைக்காதீர்கள்.

பழைய முகவரியை அப்படியே எழுதிவிடாதீர்கள். இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972-இல்தான் வந்தது. அம்மாவின் முதல் கடிதங்களில் அது இருந்திருக்காது. பழைய தஞ்சாவூர் மாவட்டமும் பிரிந்துவிட்டது: 1991-இல் நாகப்பட்டினம், 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை என மாவட்டங்கள் உருவாகின. தம்பியின் கிராமம் இன்று எந்த மாவட்டத்தில் உள்ளது என்று பிள்ளைகளிடம் கேட்டு, முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதி, நாட்டின் பெயரைக் கடைசி வரியில் தனியாகப் போடுங்கள். கிராமத்துத் தபால்காரருக்கு உதவியாக ஊர்ப் பெயரைத் தமிழிலும் சேர்க்கலாம்.

பதில் தாமதமானால் மனம் வாடாதீர்கள். கடிதங்கள் வழியில் முன்பின்னாகப் போய்ச் சேரும் என்பதால் ஒவ்வொன்றிலும் தேதியோடு வரிசை எண்ணும் இடுங்கள். பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததை எழுதி அனுப்புங்கள். தம்பிக்குக் கை நடுங்கி எழுத முடியாமல் போயிருந்தால், அவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும் என்று முதல் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் கையெழுத்தை மட்டும் அவரே போடட்டும்.