கரும்பலகையின் மூலை

அன்புள்ள ஐயா,

என் மகன் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் இன்னும் முதல் நிலையான அரும்பிலேயே இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் மேல் நிலையான மலருக்குப் போய்விட்டாள். இன்றைக்கு என்னடா படித்தாய் என்று கேட்டால், பாட்டுப் பாடினோம், பொம்மை வைத்துக் கதை சொன்னார்கள், நான் போர்டில் வருகை எழுதினேன் என்கிறான். கழித்தல் கணக்கு சுத்தமாக வரவில்லை. தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். இதற்கு நடுவில் ஆண்டு விழாவில் ஆடப் போகிறேன் என்று ஆசையாகக் குதிக்கிறான். உடை வாடகைக்கு 400 ரூபாய் ஆகும். படிப்பு வராத பையனுக்கு ஆட்டம் எதற்கு என்று இருக்கிறது. டியூஷன் வைக்கட்டுமா, பள்ளியை மாற்றட்டுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒரு அம்மா, செய்யாறு

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் எழுத வராது. ‘படிப்பு வராத பையன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளை. அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் பெற்ற தாய் அவனுக்கு ஒரு பட்டம் கொடுத்துவிட்டீர்கள். கடிதத்தில் எழுதும் அளவுக்கு அது உங்கள் வாயில் பழகியிருக்கிறது என்றால், அவன் காதிலும் விழுந்திருக்கும். இன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.

அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளையின் குணமோ தலையெழுத்தோ கிடையாது. இன்றைக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் தனக்காக வைத்துக்கொள்ளும் அடையாளம், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. திரும்பி வந்த பிள்ளைகளில் பலருக்கு எழுத்தே மறந்திருந்தது. அதற்காகத்தான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தலையில் கொட்டாமல், பிள்ளை நிற்கும் இடத்துக்கு ஆசிரியர் இறங்கி வர வேண்டும் என்பது அதன் அடிப்படை. உங்கள் மகனிடம் ஒருவர் இறங்கி வந்திருக்கிறார். அதைப் போய்ப் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டு அழுதிருக்கிறீர்கள்.

டியூஷன் வேண்டாம். அதில் பேச ஒன்றுமில்லை.

நான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதற்குக் காரணமே வேறு. ‘போர்டில் வருகை எழுதினேன்’ என்று அவன் சொன்னதாக, ஒன்றுமில்லாத விஷயம்போல, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நான் படித்த பள்ளிக்குள் எட்டிப் பார்த்தேன். கரும்பலகையின் மேல்மூலையில் மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டு நாள், கிழமை, பதிவு, வருகை என்று எழுதியிருந்தது. கட்டங்களுக்குள் ஒன்றுமில்லை. ஏன் டீச்சர் என்று கேட்டேன். வருகையைத்தான் காலையிலேயே செல்போனில் ஏற்றிவிடுகிறோமே சார், அப்புறம் இது எதற்கு என்று விட்டுவிட்டோம் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பதிவேடு, எத்தனை செயலி அவர் தலையில்! ஆனால் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அப்படி இருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

எனக்குக் கழித்தல் வந்தது அந்த மூலையில்தான்.

1983. திண்டிவனம் பக்கம் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். மொத்தம் 42 பேர். நான் மூன்றாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தல் எனக்கு ஏறவே இல்லை. இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு என்பார்கள். பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கினால் எப்படிப் பத்தாகும் என்று எனக்குப் புரியாது. கேட்கவும் பயம். சிலேட்டில் ஏதோ ஒன்றை எழுதி, உடனே கோவை இலையால் துடைத்துவிடுவேன், யாரும் பார்ப்பதற்குள்.

டீச்சர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, இனிமேல் மூலை உன்னுடையது என்றார். அதுவரை நன்றாகப் படிக்கிற பையன்தான் எழுதிக்கொண்டிருந்தான். நாற்காலி மேல் ஏறி நின்று எழுதினேன். பதிவு 42. ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி, வருகை 37. சரி, எத்தனை பேர் வரவில்லை என்றார். நான் விழித்தேன். கணக்குப் போடாதே, யாரெல்லாம் வரவில்லை என்று பார் என்றார்.

அது எனக்குத் தெரியுமே! சன்னலோரம் உட்காரும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போயிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது. ஒருவன் மாமா கல்யாணத்துக்குச் செஞ்சி போயிருந்தான். அப்புறம் என் வகுப்பிலேயே ஒரு பெண், அவள் அம்மாவுக்குப் பிரசவம். ஐந்து பேர் என்றேன். 42-இலிருந்து 37 போனால் எவ்வளவு என்றார். ஐந்து. இவ்வளவுதான்டா என்றார்.

பக்கத்து வீட்டுக் கடன் அதற்கப்புறம் ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. கணக்கின் விடை முகமாகத் தெரிந்தபிறகு, எண்களை எப்படி இறக்குவது என்பது சின்ன விஷயம்.

அதோடு முடியவில்லை. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் போவதும் என் வேலை. சத்துணவு தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, 1982 ஜூலையில் வந்தது. சிலேட்டில் எழுதிக்கொண்டு ஓடினேன். ஆயா வாங்கிப் பார்த்துவிட்டு, ஏன் சாமி, 73 பேருக்கு அரிசி போட்டால் மீதியை யார் தின்பது என்றார். மூன்றையும் ஏழையும் மாற்றி எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் நூறு தடவை அப்படி எழுதி அடி வாங்கியிருக்கிறேன், திருந்தியதில்லை. ஆயா உலைப் பானையைக் காட்டிக் கேட்டபிறகு ஒருநாளும் மாற்றி எழுதவில்லை. எண்ணைத் தப்பாக எழுதினால் சோறு வீணாகும், இல்லை யாருக்காவது பத்தாமல் போகும் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். பாடப் புத்தகத்தில் வருகிற ஆப்பிளும் ஆரஞ்சும் கூடினாலும் குறைந்தாலும் அவனுக்கு என்ன?

இது எங்கள் டீச்சரோடு போன விஷயமும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் உங்களுக்கு நினைவிருக்கலாம், நீங்களே அதில் படித்திருக்கவும் கூடும். பிள்ளைகள் எடுத்துப் படிக்கும் அட்டைகளையும், பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணிப்படியையும் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். எனக்கு அதில் பிடித்தவை இரண்டு. சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்த கரும்பலகை ஒன்று. காலையில் வந்ததும் பிள்ளையே தன் வருகையைக் குறித்துக்கொள்ளும் சுய வருகைப் பதிவு இன்னொன்று. பக்கத்திலேயே வானிலை அட்டவணை இருக்கும், இன்றைக்கு வெயிலா மேகமா மழையா என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து குறிப்பார்கள். நான் வந்துவிட்டேன் என்று ஒரு பிள்ளை தன் கையால் எழுதுவதும், எங்கோ யாரோ அவனை ஒரு எண்ணாக ஏற்றுவதும் ஒன்றா? பதிவேடு அரசாங்கத்துக்கு வேண்டும், செல்போனில் ஏற்றட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மூலையைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள் என்றுதான் ஆசிரியர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். பிள்ளைகளே பார்த்து, பிள்ளைகளே எண்ணி, அன்றைக்கே பயன்படுகிற உண்மையான கணக்கு ஒரு நாளில் அந்த ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூலையை எப்போதும் வகுப்பில் முதலாவதாக வருகிறவனுக்கே கொடுக்கிறார்கள். கையெழுத்து அழகாக இருக்கும், அதிகாரி வந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று. அவனுக்கு அது தேவையே இல்லை, அவனுக்குத்தான் கழித்தல் தெரியுமே. தெரியாதவனிடம் கொடுக்க வேண்டும். கோணல்மாணலாக எழுதட்டும். உங்கள் மகனின் டீச்சர் அரும்பு நிலையில் இருக்கிற பையன் கையில் சாக்பீஸைக் கொடுத்திருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நல்ல டீச்சர். நேரில் போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அப்படி ஒரு வரி இல்லை. எனக்கு இரண்டு பக்கம் எழுத நேரம் இருந்திருக்கிறது, பள்ளிக்கூடம் வரை நடக்க இல்லை.

அம்மாவுக்குப் பிரசவம் என்று சொன்னேனே, அந்தப் பெண் அதற்கப்புறம் வரவே இல்லை. தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அம்மா நடவுக்குப் போக வேண்டும். டீச்சர் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனார், ஒரு தடவை நானும் கூடப் போனேன். இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றுகொண்டு, இன்றைக்கு எத்தனை எழுதினாய் என்று என்னைக் கேட்டாள். 39 என்றேன். மற்ற இரண்டு பேர் யார் என்றாள். 39 என்று சொன்ன உடனே தன்னைக் கழித்துவிட்டு இரண்டு பேரைக் கேட்டாள். என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவாள்.

பொங்கல் கழிந்து பெரிய சார், பேரை எடுத்துவிடலாமா என்று கேட்டார். டீச்சர், இருக்கட்டும் சார் என்றார். என்னிடம் வந்து, நீ 42 என்றே எழுது என்றார். ஏப்ரலில் பள்ளி மூடும் நாள் வரை 42 என்றே எழுதினேன். அவள் வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியை மாற்றுவதா என்பதை நீங்களும் வீட்டுக்காரரும்தான் முடிவு செய்ய வேண்டும், நான் தூரத்தில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. பையனுக்குக் கழித்தல் வரவில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால் மாற்றாதீர்கள். இந்த ஒரு மாதம் மார்க்கைப் பற்றியும் மலரைப் பற்றியும் பேசாமல், சாயங்காலம் வந்ததும், இன்றைக்கு யாரெல்லாம் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அவன் சொல்கிற பெயர்களை விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். அது பழகியபிறகு, ஒரு பிள்ளைக்கு மதியம் 100 கிராம் அரிசி என்றால் இன்றைக்கு வந்தவர்களுக்கு ஆயா எவ்வளவு போட்டிருப்பார் என்று கேளுங்கள். சமையல்கட்டில் ஆழாக்கை வைத்துக்கொண்டே கேட்கலாம்.

அந்த 400 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். ஆசையாகக் குதிக்கிறான் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். முன் வரிசையில் போய் உட்காருங்கள், மேடையிலிருந்து அவன் உங்களைத்தான் தேடுவான்.

அன்புடன்.