கேளுங்கள், சொல்கிறேன்: மலைக்குப் போய்ப் பழகலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. உயர்தரம் முடித்தும் வேலை கிடைக்கவில்லை. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு கிராமத்தில் பெர்மாகல்ச்சர் (இயற்கையின் போக்கைப் பார்த்து நிலத்தை வடிவமைத்துப் பயிர் செய்யும் முறை) பயிற்சிப் பண்ணை இருக்கிறது. தொண்டராகப் போனால் சம்பளமில்லை. தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள். நிலாவெளியில் எங்கள் அரை ஏக்கர் மணல் காணி சும்மா கிடக்கிறது. "அதை விட்டுவிட்டு ஊரான் தோட்டத்தில் கொத்தப் போகிறாயா?" என்று அம்மா கேட்கிறார். போகலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: போய் வா பிள்ளை. ஆனால் மே மாதம் போ, செப்டெம்பர் முடிவதற்குள் திரும்பிவிடு. நமக்குக் கோடை கொளுத்தும் அந்த மாதங்களில்தான் நாவலப்பிட்டிப் பக்கம் தென்மேற்கு மழை அடித்துப் பெய்யும். தண்ணீர் சரிவில் எப்படி ஓடுகிறது, எங்கே மண்ணை அள்ளுகிறது என்பதெல்லாம் மழைக்குள் நின்று பார்த்தால்தான் விளங்கும். ஒக்டோபரில் இங்கே மாரி தொடங்கும்போது நீ உன் காணியில் நிற்கலாம்.

விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில், மலையில் பழகி வந்த பிள்ளைகள் சிலரைக் கண்டிருக்கிறேன். அங்கே கண்டதை அப்படியே இங்கே செய்து மனம் விட்டுப்போனவர்கள் உண்டு. மலையில் மூன்று தடியைக் கட்டி, கல் தொங்கும் நூலை விட்டு, ஒரே மட்டமான இடங்களைக் குறித்து, அந்தக் கோட்டில் கான் வெட்டுவார்கள். கீழ்ப்பக்கம் சீமைக்கிளுவை நட்டு, குழையை வெட்டி மண்ணுக்கே போடுவார்கள். ஓடுகிற தண்ணீரை மறிக்கும் வேலை அது. நிலாவெளி மணலில் தண்ணீர் ஓடாது, நேரே கீழே இறங்கும். பசளையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே கானை மலையிலேயே விட்டுவிடு. குழையையும் கூட்டெருவையும் கெட்டியாகப் பிடித்துக்கொள். மணலில் ஈரத்தை நிறுத்துவது அதுதான். சீமைக்கிளுவை நம் பக்கமும் நன்றாக வரும். மாரித் தொடக்கத்தில் கதியாலாக நட்டுவிடு. வேலிக்கு வேலி, பசளைக்குப் பசளை.

கிணற்றை மட்டும் மலையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது. மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறை.

அம்மாவின் பயம் நியாயமானது. போகுமுன் கேட்டு அறிந்துகொள்: பெண்பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியால வேலை? யார் கற்றுத்தருவார்? மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எங்கே போய்த் தங்குவது? "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொன்னால் அந்த இடம் வேண்டாம். களை பிடுங்க ஆள் தேடுவோரும் பயிற்சி என்றுதான் சொல்வார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் அது வேறு கதை: 72 மணித்தியால பெர்மாகல்ச்சர் வடிவமைப்புப் பாடநெறி, பெரும்பாலும் கட்டணம் உண்டு. அப்புறம், அட்டை கடிக்கும். நீளக் காலுறை போட்டு, மேலே சவர்க்காரம் தேய்த்துக்கொள்.

கேள்வி: கத்தரிக்குக் காய்ந்த சருகைப் பரப்பினேன், கறையான் வந்துவிட்டது. மருந்து அடிக்கவா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. கறையான் பெரும்பாலும் காய்ந்த சருகைத் தேடித்தான் வருகிறது. சருகைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பச்சைக் குழையும் கலந்து போடுங்கள். செடி வாடினால் மட்டும் வேரைத் தோண்டிப் பார்த்து எழுதுங்கள்.