நூற்றில் மூன்று பங்கு ஒளியில் மறைந்திருந்த சுருள்

கேள்வி: குறு விண்மீன் மண்டலம் ஒன்றிலும் சுருள் கரங்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவியல் மன்றக் கூட்டத்தில் சொன்னார்கள். அது எப்படித் தெரியவந்தது? எங்கள் ஊரிலிருந்து அதைப் பார்க்க இயலுமா?
– வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: கன்னி விண்மீன் மண்டலக் கொத்தில், ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஐசி 3328 என்ற குறு மண்டலம் பற்றியே அவர்கள் பேசியிருக்க வேண்டும். 1908இல் வெளியான வானியலாளர் டிரேயரின் விண்பொருள் பட்டியலிலேயே (ஐசி என்பது அதன் சுருக்கப் பெயர்) இதற்கு இடம் உண்டு. ஆனால் இதை மங்கலான குறு நீள்வட்ட வகையில் சேர்த்திருந்ததால், இதனுள் ஒரு வடிவம் இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

சிலி நாட்டின் பரனால் மலைமேல் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியில் எடுத்த படத்திலிருந்து, மண்டலம் முழுவதும் சீராகப் பரவியிருக்கும் ஒளியைக் கணக்கிட்டுக் கழித்தபோது, நடுப்புள்ளியைச் சுற்றி இறுக்கமாக வளைந்த இரண்டு கரங்கள் எஞ்சி நின்றன. யெர்ஜென், கல்னாய்ஸ், பிங்கெலி ஆகிய வானியலாளர் மூவரும் 2000ஆம் ஆண்டில் இதை அறிவித்தனர். சுருளின் விட்டம் ஏறத்தாழ 15,000 ஒளியாண்டுகள். அதன் ஒளியோ சுற்றியுள்ள ஒளியில் நூற்றுக்கு மூன்று பங்குதான். அதுவரை கண்டவற்றுள் இதுவே மிகச் சிறிய, மிக மங்கலான சுருள். பெரிய கருவியைவிட அந்தப் பொறுமையான கழித்தலே இக்கண்டுபிடிப்பின் உயிர்நாடி என்பது என் உறுதியான எண்ணம்.

புது விண்மீன்கள் பிறக்கும் வாயுத் திரள்களோ தூசியோ அதில் காணப்படாததுதான் வியப்பு. சம்பா வயலில் காற்று வீசும்போது அலை வரப்பு வரை ஓடினாலும் பயிர் தன் இடத்தை விட்டு நகராதது போல, சுருள் கரம் என்பதும் விண்மீன்கள் நெருங்கி விலகும் ஓர் அடர்த்தி அலையாக இருக்கலாம். அவ்வாறாயின், இத்தகைய குறு மண்டலங்களுள் சிலவேனும் சுழலும் வட்டுகளே என்று கொள்ள வேண்டியிருக்கும்.

சித்திரை மாதத்தில், இரவு பத்து மணியளவில், ஐசி 3328 உங்கள் ஊருக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் கடக்கிறது. ஆயினும் அந்தச் சுருளை எந்தத் தொலைநோக்கி வழியாகவும் கண்ணால் காண இயலாது. தெரு விளக்குகளுக்கு விலகிய வயல்வெளியில், உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே ஆறு அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பித் தேடினால், அதே கொத்தைச் சேர்ந்த எம் 87 என்ற விண்மீன் மண்டலம் சிறிய வெண்புகைத் திட்டாகத் தென்படும், அதிலிருந்து தொடங்குங்கள்.