சாமி கொடுத்த வேலை இருக்கும்போது இன்னொன்றுக்கு விண்ணப்பிக்கலாமா?

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 29. அப்பா இல்லை. அம்மா இன்றைக்கும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) பட்டம் வாங்கிய முதல் பிள்ளை நான். 2022இல், நாடே கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில், பெறுபேறு வந்தது. ஆசிரியர் நியமனம் வரும் என்று காத்திருந்ததுதான் மிச்சம். கொழும்பில் தனியார் இடங்களுக்கு எழுதிப் போட்டேன். ஒரு நேர்முகப் பரீட்சையில் என் முகவரியைப் பார்த்துவிட்டு, “தோட்டமா? கொழும்பில தங்க ஆள் இருக்கா?” என்று கேட்டார்கள். அதோடு அனுப்பிவிட்டார்கள். என் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு கோயில் பக்கமே போகவில்லை. மாரியம்மனை மனதுக்குள் திட்டியும் இருக்கிறேன்.

பிறகு எங்கள் தோட்டப் பிரிவின் (டிவிஷன்) பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், பொறுப்பாக இருந்த அக்கா பிரசவ லீவில் போனதால், தற்காலிகமாக என்னைக் கூப்பிட்டார்கள். “படிச்சிட்டு புள்ள பாக்கப் போறியா?” என்று லயத்தில் கேட்காதவர் இல்லை. வேறு வழியில்லாமல் போனேன். அங்கே ஒரு பையன். நிறுக்கும்போது துணித் தொட்டிலில் ஆடாமல் அசையாமல் கிடப்பான். அவனுடைய வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு மாதக்கணக்கில் மட்டமாகவே ஓடியது. மிட்வைஃப் அக்காவிடம் கேட்டுக் கேட்டு, திரிபோஷா சத்துமாவை அவனுக்குப் பிடித்த மாதிரி உருண்டை பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். ஒருநாள் அந்தக் கோடு மேலே ஏறியது. அன்று வேலை முடிந்ததும் நேராகக் கோயிலுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

இப்போது அங்கே நானே பொறுப்பாளர். பக்கத்து டிவிஷன்காரர்களுக்கும் பழக்கிக் கொடுக்கிறேன். கண்டியில் ஒரு தொண்டு நிறுவனம் சிறுவர் பராமரிப்புப் பயிற்சி அலுவலர் கேட்டிருக்கிறது. எங்கள் மேலதிகாரியே விண்ணப்பிக்கச் சொல்கிறார். படிவத்தைக் கையில் எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது. சாமி கொடுத்ததற்கு மேல் ஆசைப்பட்டால் இதுவும் போய்விடுமோ? “இருக்கிறதக் கும்பிட்டுக்கிட்டு இரு” என்கிறார் அம்மா. இன்னொன்று, வேலை கிடைத்த பிறகு வந்த பக்தி உண்மையான பக்தியா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குக் கூப்பிட்ட அன்று நீங்கள் கோயிலுக்குப் போகவில்லை. பொறுப்பாளராக்கிய அன்று போனதாகவும் எழுதவில்லை. யாரோ பெற்ற பிள்ளையின் நிறை கூடிய அன்று போனீர்கள். சம்பளத்துக்குக் கைமாறாக வந்த பக்தி என்று இதை என்னால் சொல்ல முடியாது. திட்டிய காலத்தையும் கணக்கில் சேருங்கள். சாமியே இல்லை என்று முடிவு கட்டியவர் சாமியைத் திட்டுவதில்லை.

படபடப்புக்கு வருவோம். அது சாமியிடமிருந்து வரும் எச்சரிக்கை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது அந்தக் கொழும்பு நேர்முகத்தில் பட்ட காயமாகத் தெரிகிறது. அன்று அவர்கள் தள்ளிவைத்தது உங்கள் படிப்பை அல்ல, நீங்கள் பிறந்த இடத்தை. அந்த அவமானம் இலேசில் ஆறாது. படிவத்தை மூடி வைத்ததும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா? பயத்தை வளர்ப்பதே அந்த நிம்மதிதான். ஒவ்வொரு முறை விலகும்போதும், விலகியதால்தான் தப்பினோம் என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது.

கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கஷ்டம் வரும்போது மனிதர் கடவுளோடு நடந்துகொள்ளும் விதங்களை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வது, கடவுளைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன் பங்கைச் செய்வது. மூன்றாவது வகையினரிடம் தன்னம்பிக்கை கூடுதலாகவும் முதல் வகையினரிடம் குறைவாகவும் இருந்தது. அந்தப் பையனுக்கு உருண்டை பிடித்தபோது நீங்கள் மூன்றாவது வகை. படிவத்துக்கு முன்னால் முதலாவது வகையாகிவிடுகிறீர்கள்.

இது தற்செயலாக வந்த வேலை என்று நீங்கள் நினைத்தால் அதுவும் பாதிதான் சரி. ஜோன் க்ரம்போல்ட்ஸ் என்ற தொழில் ஆலோசனை அறிஞர், எதிர்பாராத வாய்ப்பு யாருக்கும் வரலாம், அதை வாழ்க்கையாக்குவது ஆர்வமும் விடாமுயற்சியும் வளைந்துகொடுக்கும் மனமும்தான் என்று வாதிட்டவர். அந்த அக்காவின் லீவு தற்செயல். மட்டமாக ஓடிய கோட்டைக் கவனித்தது தற்செயல் இல்லை.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் உங்கள் பாட்டன் பாட்டி காலத்து மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் இந்த மக்களைப் பங்கிட்டுக்கொள்ளச் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 ஆகிவிட்டது. அப்படி வாழ்ந்த சனத்தின் வாயிலிருந்துதான் “இருக்கிறதக் கும்பிட்டுக்கிட்டு இரு” என்ற பேச்சு வருகிறது. அம்மா உங்களைத் தடுக்கவில்லை, பயப்படுகிறார். நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இந்த வேலையை விடமாட்டேன் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அப்படியே செய்யவும் வேண்டும்.

இந்த வாரம் ஒரு மாலை, படிவத்தை எடுத்துப் பெயரையும் முகவரியையும் மட்டும் நிரப்புங்கள். தோட்டத்தின் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். படபடப்பு வரும். எழுந்து போகாமல் இருந்தால் தானாகத் தணியும். மிச்சத்தை அடுத்த நாள் பார்க்கலாம். “தோட்டமா?” என்று கண்டியிலும் மறுபடி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று ஒரு தோழியை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டையும் நிறையையும் தெரிந்த ஆளைத்தானே அவர்கள் தேடுகிறார்கள்!

கண்டி கிடைக்காவிட்டாலும் உங்கள் அனுபவத்துக்குக் கடதாசி தேவைப்படும். வேலையில் கற்றதை மதிப்பிட்டு தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி நம் நாட்டில் உண்டு. ஹட்டனில் திறந்த பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையம் இருக்கிறது. முன்பள்ளிக் கல்விப் பாடநெறிகளைப் பற்றி அங்கே கேளுங்கள்.

படபடப்பு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கத் தொடங்கினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆலோசகர்